படம் பார்த்தோம், பேசுவோம்

போன மாதம் நம் இலங்கை மலையகத்து வாசகர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தேன். அண்மையில் பார்த்த படம் எது, அதில் எது மனதில் தங்கியது? விமர்சனம் எழுத வேண்டாம், பார்த்ததைச் சொன்னால் போதும் என்றும் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பல, "எனக்குப் படத்தைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது டீச்சர்" என்றுதான் தொடங்குகின்றன. அப்படித் தொடங்கியவர்கள் எழுதியதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்தவருக்குச் சுமை எது, நடிப்பு எது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவருக்கு ஒரு வீட்டின் பெறுமதியை எந்தப் படமும் சொல்லித்தர வேண்டியதில்லை. படம் பார்க்க இதைவிட என்ன படிப்பு வேண்டும்? இடம் உள்ளவரை பதில் எழுதுகிறேன்.

'த்ரீ பிஎச்கே' படத்தை மகளின் போனில் பார்த்தேன். பாதியிலிருந்து முடியும்வரை அழுதுகொண்டே இருந்தேன். "ஒரு வீட்டுக்கா இவ்வளவு அழுகை?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். நான் அழுதது அதிகமா டீச்சர்?
– ஒரு வாசகி, பசறை

இல்லை தங்கச்சி, அதிகமில்லை.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீ கணேஷ் இயக்கி 2025-இல் வந்த படம். சரத்குமாரும் தேவயானியும் அப்பா அம்மா, சித்தார்த் மகன். சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிற குடும்பம். சொந்தமாக ஒரு வீடு வாங்க வேண்டும் என்று காசு சேர்க்கிறார்கள். ஓரளவு சேர்ந்ததும் ஒரு செலவு வந்து நிற்கும். பிள்ளையின் படிப்பு, ஆஸ்பத்திரி, கல்யாணம். திரும்பவும் முதலிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். அதற்குள் வீட்டு விலை எங்கேயோ போயிருக்கும். வருஷங்கள் ஓடுகின்றன.

அந்த அப்பாவுக்கு இருப்பது வாங்குகிற கவலை. நமக்கு இருப்பது வேறு. 10 அடிக்கு 12 அடி காம்பராவில், அந்த ஒற்றை அறையில், நாலு தலைமுறை பிறந்து வளர்ந்திருக்கும். அதே வாசல், அதே இஸ்தோப்புத் திண்ணை, முன்னால் அதே தண்ணீர்ப் பீலி. ஆனால் உறுதிப் பத்திரத்தைக் கேட்டால் எவரிடமும் இல்லை. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலைக்குப் பேர் போட்டால்தான் அந்தக் கூரை நிலைக்கும் என்ற பயத்தில் எத்தனை பிள்ளைகள் படிப்பை விட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் அம்மா பழைய சேலையை இரண்டாக மடித்து காம்பராவின் நடுவில் கட்டியிருந்தார். அந்தப் பக்கம் அக்காவின் அறை, இந்தப் பக்கம் எல்லோருக்கும். சேலை நைந்தால் மாற்றுவார், ஆனால் அதைக் கழற்றிவைத்து நான் பார்த்ததே இல்லை. அந்தப் படத்தில் பிள்ளைகளுக்குத் தனித்தனி அறை என்ற பேச்சு வந்தபோது எனக்கு அந்தச் சேலைதான் நினைவுக்கு வந்தது. ஆகவே நீங்கள் அழுதது சென்னை வீட்டுக்காக மட்டும் இல்லை.

இப்போது ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். இந்திய உதவியிலும் வீடுகள் வந்திருக்கின்றன. கிடைத்தவர்கள் வீட்டுக்கு முன்னால் செம்பரத்தை நட்டிருப்பதைப் பார்த்தால் மனம் நிறைகிறது. கிடைக்காதவர்கள்தான் இன்னும் அதிகம்.

படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. வீடு கிடைக்காததற்குக் காரணம் மகன் ஒழுங்காகப் படிக்காதது, தன் மனதுக்குப் பிடித்த வேலையைத் தேடாதது என்பதுபோல் கதை சாய்கிறது. ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க நேர்மையாக உழைத்தும் மூன்று அறை வாங்க முடியவில்லை என்றால், கேள்வி கேட்க வேண்டியது மகனையா? நம் நாட்சம்பளம் 2021-இல் 1,000 ரூபாவானது, 2024-இல் 1,350 ஆனது. இடையில் 2022-இல் கோதுமை மா விலையும் பருப்பு விலையும் ஏறிய ஏற்றத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சேர்த்துவைக்கத் தெரியாததாலா நம்மிடம் காசு நிற்கவில்லை? வீட்டுக்காரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அப்புறம் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து இன்னொரு தடவை பாருங்கள்.

'கூலி' படத்தைப் பிள்ளைகளோடு பார்க்கலாமா? சின்னவனுக்கு எட்டு வயது. ரஜினி படம் என்று அடம்பிடிக்கிறான்.
– ஒரு தாய், கினிகத்தேனை

வேண்டாம் அம்மா. இந்தியாவிலேயே அந்தப் படத்துக்குப் பெரியவர்களுக்கு மட்டும் என்ற 'ஏ' சான்றிதழ்தான் கொடுத்தார்கள். வெட்டுக்குத்து அதிகம். ரஜினியின் பழைய படங்கள் எத்தனையோ இருக்கின்றன, அதில் ஒன்றைப் போட்டுக் கொடுங்கள்.

'பரதேசி' படத்தை அம்மாயியோடு சேர்ந்து பார்த்தேன். நோயில் விழுந்த ஒருவரை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்களை ஆள்பிடிக்கும் கங்காணி நடத்திக்கொண்டு போகும் இடத்தில் அம்மாயி எழுந்து குசினிக்குப் போய்விட்டார். கூப்பிட்டும் வரவில்லை. அவ்வளவு கொடுமை உண்மையில் நடந்ததா, படத்துக்காகக் கூட்டிச் சொன்னார்களா?
– பல்கலைக்கழக மாணவி, தலவாக்கலை

மகளே, உன் அம்மாயி எழுந்து போன இடம்தான் உன் கேள்விக்குப் பதில்.

பாலா இயக்கிய அந்தப் படம் 2013-இல் வந்தது. தமிழ்நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் டொக்டராக வேலை செய்த பி.எச். டேனியல் தன் கண்ணால் பார்த்ததையும் தொழிலாளர்கள் சொல்லக் கேட்டதையும் வைத்து ஆங்கிலத்தில் எழுதிய நாவல்தான் அதற்கு அடிப்படை. இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கிடைக்கிறது. உங்கள் நூலகத்தில் கேட்டுப் பார். கதை நடப்பது அந்தப் பக்கத்து மலையில். ஆனாலும் கங்காணி, முன்பணம், தீராத கடன் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

நடந்து வந்த கதையைப் பார். நம் ஆட்கள் கடல் கடந்து மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். அப்போது தேயிலை இல்லை, கோப்பித் தோட்டம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டது 1867-இல்தான். குடிக்கத் தண்ணீர் இல்லாத வழி, வாந்திபேதி, மலேரியாக் காய்ச்சல். விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். அதைப் பார்த்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள், அந்தப் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். உன் அம்மாயி அதை யார் வாயால் கேட்டாரோ தெரியாது. கேட்டிருக்கிறார் என்பது மட்டும் நிச்சயம்.

அந்தப் படத்தில் எனக்கு மறக்க முடியாத இடம் கணக்கு முடிக்கிற நாள். வருஷம் முழுக்க உழைத்தவர்கள் கூலி வாங்க வரிசையில் நிற்கிறார்கள். வைத்தியத்துக்கு இவ்வளவு, அதற்கு இவ்வளவு, இதற்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே போகிறார்கள். கடைசியில் ஆள் கடன்காரனாக நிற்கிறான், திரும்பவும் மலைக்கே போக வேண்டும். கூட்டிக் கழிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த முகங்களைக் கவனி. சம்பள நாளில் கணக்கு எழுதிய துண்டைக் கையில் வாங்கி, அட்வான்ஸ், கோயில் காசு, கடைக் காசு என்று பிடித்ததெல்லாம் போக மிச்சத்தைப் பார்க்கும்போது நம் அம்மாக்களுக்கும் அதே முகம்தான். நான் சின்ன வயதில் அந்தத் துண்டைப் படித்துக் காட்டுகிறவளாக இருந்தேன். அம்மா என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

படத்தில் எனக்கு ஒப்பாத பகுதியும் ஒன்று உண்டு. தோட்டத்துக்கு வரும் கிறிஸ்தவ டொக்டரை ஆட்டமும் பாட்டுமாக மதம் மாற்ற வந்தவர் என்று காட்டிவிட்டார்கள். நாவலை எழுதிய டேனியலே டொக்டர். தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டப் பாடுபட்ட மனிதர். அவருடைய எழுத்தை எடுத்துக்கொண்டு, நோயாளிகளைத் தொட்டு வைத்தியம் பார்த்த ஒருவரை இப்படிச் சின்னதாக்கியிருக்க வேண்டாம்.

அம்மாயியை மறுபடி படத்துக்கு முன்னால் உட்காரவைக்காதே. சாயந்தரம் அடுப்படியில் தேத்தண்ணி குடிக்கும்போது நீ போய் உட்கார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களம் எப்படி இருந்தது, கணக்கப்பிள்ளை எப்போது அரைநாள் சம்பளம் என்று அரைப்பேர் போடுவார், மழையில் இடுப்பில் கட்டிய படங்கு நனைந்தால் எவ்வளவு பாரம் இருக்கும் என்று சின்னச் சின்னதாகக் கேள். உன் போனில் பதிவு செய்துகொள். பாலாவின் படம் யூடியூபில் எங்கேயும் போய்விடாது.

'டூரிஸ்ட் ஃபேமிலி' நம்முடைய கதைதான் என்று என் மகன் அடித்துச் சொல்கிறான். யாழ்ப்பாணத்தாரின் கதை என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், நாவலப்பிட்டி

ஐயா, கதையைப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. பொருளாதார நெருக்கடியில் இங்கிருந்து படகேறிப் போய், சென்னையில் மறைந்து வாழும் ஒரு குடும்பம். சசிகுமார், சிம்ரன், இரண்டு பிள்ளைகள். அவர்கள் பேசுவது வடக்குத் தமிழ். 2025 மே மாதம் வந்த படம், அபிஷன் ஜீவிந்த் இயக்கியது. இந்தியப் படங்களில் இலங்கைத் தமிழர் என்றால் எப்போதும் அந்தப் பேச்சுத்தான். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் பேசுகிற தமிழும் இலங்கைத் தமிழ்தான் என்று அங்கே இன்னும் யாரும் படமெடுத்துக் காட்டவில்லை.

ஆனால் மகன் எதை நினைத்துச் சொன்னார் என்று எனக்குப் புரிகிறது. அந்தத் தெருவில் ஒரு சாவு நடக்கிறதே, அந்த இடத்தைப் பாருங்கள். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்தவர்களை, நேற்று வந்த இந்த மனிதர்தான் ஒவ்வொரு வீடாகப் போய் அந்தச் சாவு வீட்டுக்குக் கூட்டிவருகிறார். நம் லயங்களில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கும்? அன்றைக்கு யாரும் மலைக்குப் போக மாட்டார்கள். பொடியன்கள் மண்வெட்டியோடு குழி வெட்டப் போவார்கள். யார் வீட்டில் அடுப்பு எரிகிறதோ அங்கேயிருந்து சாவு வீட்டுப் பிள்ளைகளுக்கு ரொட்டி வரும். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. உங்கள் மகன் அதைத்தான் படத்தில் கண்டிருப்பார்.

நம்முடைய கடல் பயணம் வேறு, அதையும் மகனுக்குச் சொல்லுங்கள். 1948-இல் குடியுரிமை பறிபோனது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை அந்தப் பக்கம் அனுப்புவது என்று எழுதினார்கள். நம் ஆட்கள் மறைந்து படகில் போகவில்லை. பாஸ்போர்ட்டோடு, ட்ரங்குப் பெட்டியோடு, தலைமன்னாருக்குக் கோச்சி ஏறிப் போனார்கள். ஸ்டேசனில் எழுந்த அழுகையால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் விழுந்தது. தபாலில் வேலை பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீலகிரிப் பக்கத்துக் கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் வந்த கடிதங்களை எத்தனை லயங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பீர்கள்! அந்தக் கோச்சியை யாராவது பெரிய திரையில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

நம் மலையைப் பற்றி இலங்கையில் எடுத்த படமே இல்லையா? எப்போது பார்த்தாலும் இந்தியப் படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள்.
– ஒரு வாசகர், பதுளை

இருக்கிறது அண்ணே. 35 மில்லிமீட்டரில் இலங்கையில் எடுத்த முதல் தமிழ்ப் படமே தோட்டத்துக் கதைதான். 1963-இல் வந்த 'தோட்டக்காரி'. பிறகு தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் 1975-இல் 'புதிய காற்று' எடுத்தார். தானே தயாரித்துத் தானே நடித்தார். தொடர்ந்து 'நான் உங்கள் தோழன்', 'நாடு போற்ற வாழ்க' என்று இன்னும் இரண்டு. சங்க மேடையில் பேசிய ஒருவர் அதே ஆட்களுக்காகப் படமும் எடுத்தார் என்பது எனக்குப் பெருமையான விஷயம். அந்தக் காலத்துப் படங்களை இன்றைக்குத் தேடினால் கிடைப்பது கஷ்டம். 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது படச்சுருள்களும் எரிந்துபோயின. 2013-இல் சுமதி சிவமோகன் எடுத்த 'இங்கிருந்து' படமும் மலையகத்தைப் பற்றியதுதான்.

அண்மையில் வந்ததில் நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது பிரசன்ன விதானகேயின் 'பாரடைஸ்'. 2024-இல் தியேட்டருக்கு வந்தது. கேரளத்திலிருந்து கணவனும் மனைவியும் திருமண நாளைக் கொண்டாட 2022-இல் நம் மலைக்கு வருகிறார்கள். பெற்றோலுக்கு வரிசை, மருந்துக்குத் தட்டுப்பாடு இருந்த அதே நாட்கள். அவர்களுக்கு இராவணன் குகை, சீதை இருந்த இடம் என்று காட்டிக்கொண்டு போகிறார்கள். பிறகு அவர்களுடைய லெப்டொப்பும் போனும் களவு போகின்றன. பொலிஸ் யாரைப் பிடிக்கும்? தோட்டத்துத் தமிழர்களைத்தான். யார் எடுத்தது என்று தெரியாது, ஆனாலும் அடி அவர்களுக்கு.

வழக்கமாகப் படங்களில் தேயிலை மலையைக் கதாநாயகியின் பின்னால் பச்சையாகத்தான் காட்டுவார்கள். கூடையோடு நிற்கும் பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இந்தப் படத்திலும் மலை அப்படித்தான் அழகாகத் தொடங்குகிறது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த மனைவியின் கண் அங்கே இருக்கிற ஆட்கள் மேல் போகிறது, நம்முடைய கண்ணும் கூடவே போகிறது. ஒரு சிங்கள இயக்குநர் நம் ஆட்கள் பொலிசில் படும் பாட்டை இவ்வளவு நேராகக் காட்டியிருக்கிறார். அவருக்கு நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டவள். முடிவை நான் சொல்ல மாட்டேன். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

'மெய்யழகன்' படத்தில் இரண்டு ஆண்கள் விடியும்வரை பேசுகிறார்கள், வேறொன்றும் இல்லை. எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. என் மனைவிக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அப்படி என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், மஸ்கெலியா

படம் நீளம்தான். 2024 செப்டெம்பரில் வெளியான பிறகு அவர்களே 18 நிமிஷம் போல வெட்டினார்கள். ஆனால் அரவிந்த்சாமிக்கு நடப்பதைப் பாருங்கள். சொத்துத் தகராறில் வீட்டை விட்டுப்போன குடும்பம். பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வருகிறார். ஒருவர் அவரை "அத்தான், அத்தான்" என்று தாங்குகிறார். அவர் பெயர் இவருக்கு ஞாபகமில்லை, கேட்கவும் கூச்சம். தான் விட்டுவிட்டுப் போன பழைய சைக்கிள் அந்தக் குடும்பத்தையே தூக்கி நிறுத்தியது என்று தெரிய வரும்போது அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கொழும்பில் கடைக்கும் வீட்டு வேலைக்கும் போன நம் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது இதே தவிப்பு இருக்கிறது. யாரை எப்படிக் கூப்பிடுவது, யார் வீட்டில் சாப்பிடுவது என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டிலேயே தயங்கி நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மனைவிக்கு யார் ஞாபகம் வந்தார்கள் என்று கேட்டீர்களா அண்ணே? படத்தைவிட அந்தப் பதில் உங்களுக்குப் பிடிக்கலாம்.

'வாழை' பார்த்தேன். அந்தப் பையன் தார் சுமக்கும்போது எனக்குத் தலையில் கயிறு அழுத்துவதுபோலவே இருந்தது. அவ்வளவுதான் எழுதத் தெரிகிறது.
– முன்னாள் தோட்டத் தொழிலாளி, இராகலை

அக்கா, இந்த மாதம் வந்த கடிதங்களில் மிகச் சிறியது உங்களுடையது. மாரி செல்வராஜ் தன் சின்ன வயதை வைத்து எடுத்த படம் அது. பள்ளிக்கூடம் இல்லாத நாள் வந்தால் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள். அந்தப் பையனுக்கு அந்த நாள்தான் பயம், ஏனென்றால் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டும். கூடைக் கயிறு நெற்றிக்கு மேல் போட்ட தழும்பு என் அம்மாவுக்கும் இருந்தது, முடி ஒதுக்கினால் தெரியும். இதை மாரி செல்வராஜ் படித்தால் அவருக்கு வேறு பாராட்டு வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் இரவில் திரை கட்டிப் படம் போட இளைஞர் மன்றம் முடிவு செய்திருக்கிறது. எல்லோரும் இருந்து பார்க்கிற மாதிரி ஒரு படம் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், பொகவந்தலாவை

'லப்பர் பந்து' போடுங்கள் தம்பி. 2024-இல் வந்தது, தமிழரசன் பச்சமுத்து இயக்கியது. ஹரிஷ் கல்யாண் பந்து போடுகிறவர், தினேஷ் அடிக்கிறவர். தினேஷின் மகளைத்தான் ஹரிஷ் விரும்புகிறார். கிரிக்கெட், காதல், குடும்பச் சண்டை, பழைய விஜயகாந்த் பாட்டு எல்லாம் இருப்பதால் சின்னவர்களிலிருந்து தாத்தாக்கள்வரை எழுந்து போக மாட்டார்கள். நன்றாக விளையாடுகிற ஒருவனைச் சாதி பார்த்து அணியில் சேர்க்காமல் விடுகிறார்கள். அந்தப் பகுதி வரும்போது உங்கள் மன்றத்துப் பிள்ளைகள் கவனமாகப் பார்க்க வேண்டும். நம் தோட்டங்களிலும் மேட்டு லயம், பள்ளத்து லயம் என்று அணி பிரிக்கிறபோது என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

திரையைக் கோயிலுக்குப் பக்கத்துத் திறந்த வெளியில் கட்டாதீர்கள், பனி இறங்கினால் ஈரத்தில் துணி தொய்ந்து படம் நெளியும். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா மண்டபம் கிடைக்குமா என்று தோட்டத்தில் கேட்டுப் பாருங்கள். வயதானவர்களுக்கு முன்வரிசையில் பாயோடு ஒரு சாக்கும் விரித்துக் கொடுங்கள். ஸ்பீக்கரைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிற லயத்துப் பக்கம் திருப்ப வேண்டாம். காலையில் ஆட்கள் மலைக்குப் போக வேண்டும் என்பதால் ஏழு மணிக்கே தொடங்கிவிடுங்கள்.